எட்டுச் சோடிச் சப்பாத்து

போன சனிக்கிழமை பின்னேரம், ரொறன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில்லில் எங்கள் வீட்டு மணி அடித்தது. இந்தக் காலத்தில் மணி அடிக்கிறவர்களில் பாதிப் பேர் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, நாம் கதவைத் திறப்பதற்குள் ஓடிவிடுவார்கள். மீதிப் பேர் தண்ணீர் வடிகட்டி விற்க வருகிறவர்கள், கதவைச் சாத்தினாலும் போகமாட்டார்கள். இது இரண்டிலும் சேராத ஆள். கழுத்தில் அட்டை, கையில் போன், எங்கள் ஆட்களின் முகம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை தேர்தல் வேலைக்கு வந்திருந்தது.

"வணக்கம் அங்கிள். இந்த வீட்டில எத்தனை வோட்டர்ஸ் இருக்கினம்?"

குடியுரிமை எடுத்து எத்தனையோ வருடம். வீடு என் பெயரிலும் மனைவியின் பெயரிலும் இருக்கிறது. ஆனாலும் 'வீட்டில் எத்தனை பேர்' என்று எவராவது கேட்டால் ஒரு கணம் பொய் சொல்லத்தான் எனக்கு வாய் வருகிறது.

"உள்ளுக்கு வாரும் பிள்ளை. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுவம்."

"நோ நோ, ஐ'ம் குட் அங்கிள். இன்னும் தேர்ட்டி டோர்ஸ் இருக்கு. உள்ளுக்குப் போகக்கூடாது, தேத்தண்ணி குடிக்கக்கூடாது எண்டு ட்றெயினிங்கில சொன்னவை."

அவ்வளவுதான், நான் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளை பயந்து ஒரு படி கீழே இறங்கியது. உள்ளே இருந்து மனைவி, "வாசல்ல நிண்டு என்னத்துக்குப் பல்லைக் காட்டுறியள்?" என்றாள். ஏன் சிரித்தேன் என்பதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை கொஞ்சம் வாசலில் நிற்கட்டும்.

உள்ளுக்குப் போகாதே, தேத்தண்ணி குடிக்காதே என்ற சட்டத்தை எனக்குப் படிப்பித்தவர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இருபது வருடத்துக்கு மேல் குந்தியிருந்த ஒரு மனிதர். கொன்சர்வேற்றிவ் கட்சி. அவரை நான் முதன்முதல் கண்டது ரொறன்ரோ நகரத்துக்குள், சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் மாடிக் கட்டடத்தின் அடியில் இருந்த உடுப்புத் தோய்க்கும் அறையில். அப்போது நான் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கோப்பைக்குப் போடுகிற அளவில் உடுப்புக்கும் சவர்க்காரத் தூளைப் போட்டேன். நுரை மெசினுக்கு வெளியே வந்து, தரையில் இறங்கி, வாசல்மட்டும் போய்விட்டது. அந்த நுரைக்கு நடுவில் கோட்டும் கழுத்தில் ரையும் கட்டிய ஒரு நெட்டை வெள்ளைக்காரர் நின்றார். நிர்வாகத்தின் பெரிய ஆள் என்று நினைத்து ஏழெட்டு முறை 'சொறி, சொறி' என்று மன்னிப்புக் கேட்டேன்.

"நுரையை விடும் தம்பி. இஞ்சை பத்து மெசின் இருக்கு, ஏழு ஓடேல்லை. ஆரிட்டையாவது முறைப்பாடு செய்தனீரோ?" என்றார்.

அவர் பேசியது சுத்த ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் காதில் அது எங்கட தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே தருகிறேன், மன்னிக்க வேண்டும். முறைப்பாடா? முறைப்பாடு செய்தால் வீட்டுக்கு ஆமி வருகிற ஊரிலிருந்து ஓடி வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! நான் நுரையைத் துடைத்தேன். அவரும் கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவிவிட்டு, குனிந்து என்னோடு துடைத்தார். ரையை மட்டும் கழற்றவில்லை.

அவருடைய பெயர் இரண்டு பெயர்களை நடுவில் கோடு போட்டு ஒட்டிய நீளப் பெயர். எங்களுக்கு வாயில் நுழையவில்லை. என் அறைக்காரர்களில் மூத்தவர் கணேசண்ணை, "எம்.பி. ஐயா எண்டு கூப்பிடுவம், விசயம் முடிஞ்சுது" என்றார். ஒரு மாதத்தில் கட்டடத்துத் தமிழ்ச் சனம் எல்லாம் அப்படித்தான் கூப்பிட்டது. எங்கள் ஊரில் எம்.பி. என்றால் வாத்தியாருக்கு இடமாற்றம் எடுத்துத் தருகிறவர். எங்கள் எம்.பி.யை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன், இரண்டு தரமும் அவருடைய ஜீப்பின் புழுதியைத்தான் கண்டேன். அதனால் கையில் உடுப்புக் கூடையோடு ஒரு எம்.பி. லிஃப்றுக்கு நிற்பதைப் பார்க்க எங்களுக்கு ஒரே புதினம்.

அவருடைய வரலாறு முழுவதையும் நான் மெசின் சுற்றும் நேரங்களில்தான் கேட்டேன். ஒரு சந்தைப் பட்டினத்தில் விதைக் கடைக்காரரின் மகன். முதல் தேர்தலில் கட்சி அவரைக் கொண்டுபோய் நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் ஊரில் நிறுத்தியதாம். அங்கே அவர்களுடைய கட்சிக்கு வோட்டுப் போடக்கூடியவர்கள் தபாற்காரரும் பாதிரியாரும் மட்டும்தானாம், அதிலும் தபாற்காரரில் சந்தேகமாம். தோற்றார். தோற்றது போதாதென்று ஒரு நாயும் கடித்தது. தழும்பைக் காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். அதன்பிறகுதான் நல்ல தொகுதி கிடைத்தது. மந்திரியாக வரவில்லை. பதினொரு மாதம் மீன்பிடி மந்திரியின் உதவியாளராக இருந்தார். "உதவியாளர் எண்டால் மந்திரியின்ர பையைத் தூக்கிறது. உண்மையாவே பைதான், நல்ல பாரம்" என்றார். இருபது வருடத்தில் தான் செய்த பெரிய காரியம் என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் றோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போடுவித்தது. அதற்கு ஆறு வருடம் கடிதம் எழுதினாராம். அந்தக் கதையை நான் பதினைந்து தரமாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் நீண்டுகொண்டு போனது.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரு தேர்தலில் அவருக்கும் சறுக்கியது. நகர மண்டப மேடையில், வென்றவருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம், அதுதான் வழக்கமாம். அடுத்த நாள் காலையில் இருந்து தொலைபேசி அடிக்கவில்லை. மனைவி அதற்கு முதலே செத்துப்போனா. ஒரே மகள் ரொறன்ரோவில் தாதி. இங்கே வந்தார், ஆனால் மகளோடு இருக்கமாட்டேன் என்று எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஒரு அறை வீடு எடுத்தார். அவருக்குப் பிடித்த பகிடி ஒன்று: "பார்லிமென்றை விட்டுக் கலைச்சாங்கள், பார்லிமென்ற் ஸ்ட்றீற்றில வந்து குடியேறினன்." அந்த வீதி எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. மாரிகாலத்தில் கசப்புத் தோடம்பழம் என்கிற ஆரஞ்சு வாங்கி வந்து சீனி போட்டு ஜாம் கிண்டுவார். ஒன்பதாம் மாடி முழுக்க அந்த மணம் இருக்கும். பதினாலாம் மாடியில் நாங்கள் மிளகாய்த்தூள் வறுத்தால் நெருப்பணைக்கும் வண்டி வரும். அவருடைய மணத்துக்கு மட்டும் எவனும் மணி அடிக்கவில்லை.

இனி எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். பதினாலாம் மாடி, ஆயிரத்து நானூற்றெட்டு. ஒரு படுக்கையறை, எட்டு ஆண்கள். நாலு பேர் படுக்க நாலு பேர் வேலைக்குப் போவோம். லீசில் இருந்தது கணேசண்ணையின் பெயர் மட்டும். மற்ற ஏழு பேரும் கடதாசியில் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் இப்படி இருந்த இரண்டு வீட்டு ஆட்களை நிர்வாகம் வெளியே எழுப்பிவிட்டது என்று கேள்விப்பட்டதில் இருந்து யார் கதவைத் தட்டினாலும் நாங்கள் ஓட்டையால் பார்த்துவிட்டுத்தான் திறப்போம். எனக்குப் பயம் மற்றவர்களை விடக் கூட. என் அகதி வழக்கு விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வர இருந்தது, அது வரப்போவது அந்த விலாசத்துக்கு. அந்த வீட்டை விட்டு எழுப்பினால் கடிதம் எந்தக் கதவுக்கு வரும்? விசாரணைக்குப் போகாதவனின் கேஸ் முடிந்தது என்று சொன்னார்கள். மட்டக்களப்பில் ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். இப்போது உள்ளே இருந்து ஏன் பல்லைக் காட்டுகிறீர்கள் என்று கேட்கிறாளே, அவள்தான்.

இந்த நேரம் பார்த்து குடியிருப்போர் கொமிற்றிக்குத் தலைவர் தேர்தல் வந்தது. எம்.பி. ஐயா குதித்துவிட்டார். எதிர்த்து நின்றவர் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், தொழிற்சங்கத்தில் இருந்து இளைப்பாறியவர். இரண்டு பேரும் அவரவர் கட்சிச் சண்டையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, ஏழு பழுதான மெசினுக்கு முன்னால் நின்று பிடித்தார்கள். மெசினைத் திருத்த வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

"கடைசியா ஒரு எலெக்சன் வெல்லவேணும் தம்பி. தோத்த சிரிப்போட சாக ஏலாது. நீர்தான் என்ர ஏஜென்ற்" என்றார் என்னிடம். வீட்டில் போய்ச் சொன்னதும் ஏழு பேரும் உருண்டு சிரித்தார்கள். எங்களுக்கு ஏஜென்ற் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் காசை வாங்கிக்கொண்டு ஆட்களைப் பாதிவழியில் விடுகிறவன். "டேய், ஐயாவைக் கவனமாக் கொண்டுபோய்ச் சேர்!" என்றார் கணேசண்ணை.

கட்டடத்தில் பதினொரு தமிழ் வீடு. அவருடைய சட்டம்: ஒரு கதவுக்கு இரண்டு நிமிசம், உள்ளே போகக்கூடாது, இருக்கக்கூடாது, எதையும் குடிக்கக்கூடாது. "ஒரு வீட்டில குடிச்சால் எல்லா வீட்டிலயும் குடிக்கவேணும், எலெக்சன் முடியுமட்டும் கக்கூசிலதான் இருக்கவேணும்." நியாயமான பேச்சு. ஆனால் தமிழ் வீட்டுக் கதவில் இதை யார் சொல்வது? முதல் நாள் இரண்டு மணித்தியாலத்தில் நாலு வீடு. அவர் வாசலில் ரையோடு கம்பம் மாதிரி நிற்பார், நான் உள்ளே போய் என் தேத்தண்ணியையும் அவருடைய தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வருவேன். அப்படியும் ஒரு அக்கா கோபித்துக்கொண்டா. "ஏன், எங்கட வீட்டுத் தேத்தண்ணி வெள்ளைக்காரருக்கு ஆகாதாமோ?" "ஐயாவுக்குச் சலரோகம் அக்கா" என்று சமாளித்தேன். அடுத்த முறை சீனி போடாத தேத்தண்ணி வந்தது. அதையும் நான்தான் குடித்தேன்.

எங்கள் கதவுக்கும் முறைப்படி வந்தார். வாசலில் எட்டுச் சோடிச் சப்பாத்து. அவர் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

"இந்த வீட்டில எத்தனை வோட்டு?"

"ஒண்டு" என்றார் கணேசண்ணை. "மற்றவை விசிற்றர்ஸ்."

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டையில் ஒன்று என்று எழுதினார். ஒரு மாதம் கழித்து என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. "ஐயா, யோசிக்காதையுங்கோ. ஒவ்வொரு வீட்டில இருந்தும் ஏழு பேர், எட்டுப் பேர் வருவினம்" என்றேன். கட்டடத்தில் இருக்கிற பெரியவர்கள் எவரும் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதிவிட்டு வோட்டுப் போடலாம் என்பதுதான் விதி. அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "எண்பது வோட்டு! தம்பி, இங்கிலாந்திலயும் எனக்கு இப்பிடி ஒரு பத்திரமான தொகுதி கிடைக்கேல்லை."

இடையில் ஒரு சண்டையும் வந்தது, அதை மறைத்தால் கதை சுத்தமாகாது. ஒரு வீட்டில் ஒரு அங்கிள் கேட்டார்: "தம்பி, இவரிட்டைக் கேளும், எங்கட ஆக்கள் விசா இல்லாமல் லண்டனில இறங்க ஏலாது எண்டு சட்டம் வந்ததே, அதுக்கு இவரும் கை உயர்த்தினவரோ?" நான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஓம். வோட்டுப் போட்டனான். பேசியும் இருக்கிறன்." நான் அங்கிளிடம் திரும்பி, "ஞாபகம் இல்லையாம்" என்றேன். ஏஜென்ற் புத்தி!

ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெரியண்ணையை லண்டன் விமான நிலையத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிய உடனேயே பிடித்து ஒரு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். அதை லிஃப்றில் வைத்து அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது, அவர் இறங்கவில்லை. பதினாலாம் மாடிவரை என்னோடு வந்துவிட்டு, திரும்பக் கீழே போனார். ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அந்தக் கிழமை அவர் தனியாகக் கதவு தட்டினார். பத்தாம் மாடியில் ஒரு பிலிப்பீன்ஸ் அம்மாவின் வாசலில் நின்று, நான் பழக்கிய உச்சரிப்பில், "வணக்கம் அக்கா, சுகமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தை எங்கே வைத்திருப்பது? போய்ப் பக்கத்தில் நின்றேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கீழ்த்தள மண்டபத்தில். நாங்கள் எட்டுப் பேரும் எட்டு மணிக்கே குளித்துவிட்டோம். ஒரே இஸ்திரிப்பெட்டி, எட்டுச் சேட்டு. எங்களில் மூன்று பேர் வாழ்க்கையில் ஒருநாளும் வோட்டுப் போட்டதில்லை. கணேசண்ணை திருநீறு பூசி, எல்லாருக்கும் முதலில் நிற்கிற ஆசையில் சப்பாத்தும் போட்டுவிட்டார். கல்யாண வீடு மாதிரி ஒரே சத்தம்.

கதவு தட்டுப்பட்டது. எம்.பி. ஐயா. லிஃப்ற் அன்றைக்கென்று பழுது, பதினாலு மாடியும் ஏறி வந்திருந்தார். முகம் செக்கச் செவேல் என்று, மூச்சு வாங்க, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் கீழை வரவேண்டாம்."

நான் அவருக்கு நெஞ்சுவலி என்று பயந்து கதிரையை இழுத்தேன். அவர் கையை ஆட்டினார்.

"பேர் எழுதிற மேசைக்குப் பக்கத்தில நிர்வாகத்தின்ர ஆள் இருக்கிறான். மடியில லீஸ் லிஸ்ற் வைச்சிருக்கிறான். நீங்கள் எழுதிற ஒவ்வொரு பேரையும் அதோட பார்க்கப் போறான். கணேஷ் மட்டும் வரட்டும். மற்றப் பத்து வீட்டுக்கும் நான் சொல்லிப்போட்டன், லீசில உள்ள ஆள் மட்டும்."

பத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டுக் கடைசியாக எங்களிடம் வந்திருக்கிறார், அந்தப் படியில்.

"ஐயா, அப்ப உங்கட எலெக்சன்?" என்றேன்.

"உமக்குக் கடிதம் வந்திட்டுதோ?"

"இல்லை."

"பிறகென்ன கேள்வி? இந்த வீட்டில ஒரு ஆள்தான், மற்றவை விசிற்றர்ஸ்" என்றார். பிறகு எங்கள் வீட்டு நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். முதன்முதலாக. நான் இழுத்த கதிரையில் இருந்தார். சுற்றி நிற்கிற இஸ்திரி போட்ட ஏழு சேட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார். "தேத்தண்ணி இருக்கோ?"

"நீங்கள் குடிக்கிறேல்லையே ஐயா."

"கன்வாசிங் முடிஞ்சுது."

கணேசண்ணை நல்ல பால் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, மூன்று கரண்டி சீனியோடு கொடுத்தார். எல்லாத்தையும் குடித்தார், இன்னொன்றும் கேட்டார். நான் குசினிக்குள் போய் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

ஒன்பது வோட்டால் தோற்றார். நாங்கள் ஏழு பேரும் சேட்டுப் போட்டபடி பதினாலாம் மாடியிலேயே இருந்தோம். ஸ்கொட்லாந்துக்காரருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்று, கை கொடுத்து, நல்ல பேச்சு ஒன்றும் பேசினாராம். தோத்த சிரிப்பு எப்படி இருந்தது என்று கணேசண்ணையைக் கேட்டேன். "வெண்ட ஆள் மாதிரியெல்லோ நிண்டது மனிசன்" என்றார்.

என் கடிதம் அடுத்த மாதம் அந்த விலாசத்துக்கே வந்தது. வழக்கு சரிவந்தது, பிறகு மட்டக்களப்புக்காரி வந்தாள். மெசின்களையும் திருத்தினார்கள். எம்.பி. ஐயா எதிர்க்கட்சித் தலைவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டு, ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் சாகுமட்டும் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டு ஒன்றாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டதாக அவருடைய மகள் பிறகு சொன்னா. தேர்தல் அன்றைக்கு எங்களை ஏன் வரவேண்டாம் என்றீர்கள் என்று எம்.பி. ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன். என் பெரியண்ணையின் கதைக்காகவா என்றும் கேட்டேன். "அது வேற" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "தொகுதியில இருக்கிற எல்லாருமே எனக்கு வோட்டுப் போட்டவை? போடாதவைக்கும் சேர்த்துத்தானே கோடு கீறினது." திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போய்விட்டார்.

அவர் செத்தபோது நாங்கள் எட்டுப் பேரும் எட்டுத் திசையில் இருந்தோம். கணேசண்ணைக்கு டோர்செட் பார்க் பகுதியில் மரக்கறிக் கடை. அவர்தான் எல்லாருக்கும் போன் பண்ணினார். அவருடைய உடலை வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் வந்தவர்கள் பெயர் எழுத ஒரு பெரிய புத்தகம் விரித்து வைத்திருந்தார்கள். கணேசண்ணை பேனையை எடுத்துத் தன் பெயரை எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 1408 என்று போட்டார். அடுத்தது நான். பெயர், 1408. எனக்குப் பின்னால் ஆறு பேர், ஆறு 1408. எங்களுக்குப் பின்னால் மற்றத் தமிழ் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் விசயம் விளங்கிவிட்டது. 611. 611. 611. 1202. கட்டடத்தை விட்டு வெளிக்கிட்டு எத்தனையோ வருடமான ஆட்கள்.

ஸ்கொட்லாந்துக்காரர் பிடித்து நடக்கிற நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவி வாசித்தார். எண்ணுகிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"இவ்வளவு பேரும் அண்டைக்கு எங்கை இருந்தனீங்கள்?"

"வீட்டிலதான்" என்றேன். "வரவேண்டாம் எண்டு அவர்தான் சொன்னவர்." சொல்லிவிட்டு முழுக்கதையையும் சொன்னேன்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் போய், நடைச்சட்டத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தத் தோத்த சிரிப்பை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் வேறு நாட்டுச் சனம். சப்பாத்தை வாசலில் விடக்கூடாதென்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. எட்டுப் பேரில் இரண்டு பேர் இல்லை. கசப்புத் தோடம்பழம் தையில் கடைக்கு வரும், நான் வாங்குவேன், எனக்கு அந்த ஜாம் ஒருநாளும் இறுகினதில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் வாசலில் நிற்கிறது, பாவம்.

"சொறி பிள்ளை. எத்தனை வோட்டு எண்டெல்லோ கேட்டனீர்? ஐஞ்சு. நான், மனிசி, மகன், மகள், மாமியார்."

"ஓ, குட். நம்பர் போதும் அங்கிள்."

"இல்லைப் பிள்ளை" என்றேன். "பேரையும் எழுதும். எல்லாரின்ர பேரையும் எழுதும்."